லோரியில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டியைக் கழற்றலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு தம்பி, ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த லோரி ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் புகைக்குழாயில் டி.பி.எஃப். எனப்படும் துகள் வடிகட்டி இருக்கிறது. அதன் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி மின்னுகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. பட்டறையில் போய்க் கேட்டால், “உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் மாற்றிவிடலாம். அது கறுப்புப் புகையை மறைக்கத்தான் இருக்கிறது, சின்னத் துகள் எப்படியும் வெளியே போய்விடும்” என்கிறார்களாம். அது உண்மையா, கனரக டீசல் எஞ்சினின் புகையை இந்த வடிகட்டி நிஜமாகவே சுத்தம் செய்கிறதா, கழற்றினால் வண்டிச் சோதனை நடத்தும் புஸ்பாகோமில் பிடிபடுமா, இரண்டாவது லோரி வாங்கும்போது வடிகட்டி இல்லாத பழைய மாடலாகப் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

கழற்றாதீர்கள், தம்பி. ஒழுங்காக வேலை செய்யும் வடிகட்டி, எஞ்சின் கக்கும் துகள்களை எடைக் கணக்கில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடும். எண்ணிக்கைக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் 99 விழுக்காட்டைத் தாண்டும். சின்னத் துகள் தப்பிவிடும் என்பது தவறான பேச்சு. நான் பல வருடமாகத் தோட்டம், ஆலை, லோரி என்று டீசல் எஞ்சின்களோடே வேலை செய்கிறவன். நான் பார்த்தவரை, விளக்கு மின்னும் வண்டிகளில் வடிகட்டியே குற்றவாளியாக இருப்பது அபூர்வம். வண்டி ஓடும் விதம், ஊற்றும் ஆயில், எஞ்சினில் ஏற்கனவே இருக்கும் ஏதோ ஒரு கோளாறு, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். டீசல் எஞ்சினில் எரிபொருள் கடைசி நேரத்தில்தான் பீச்சப்படுகிறது. காற்றோடு முழுவதும் கலக்க அவகாசம் இல்லாததால், எரிபொருள் அடர்த்தியாக இருக்கும் இடங்களில் கரி உருவாகிறது. 20, 30 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் சங்கிலிபோல ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் 50 முதல் 100 நானோமீட்டர் அளவில் வெளியே வருகின்றன. 100 நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் பத்தாயிரம் துகள்களை வரிசையாக அடுக்கலாம். அந்தக் கரியின் மேல் எரியாத டீசல், எஞ்சின் ஆயில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் படிந்திருக்கும். ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகங்களின் சாம்பலும், எரிபொருளில் கந்தகம் இருந்தால் சல்பேட்டும் கூடவே வரும். நுரையீரலின் அடிக்குழி வரை போகும் அளவு இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2012 ஜூனில் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதும் அதே பிரிவில்தான்.

நம் ஊரில் புகைமூட்டம் வந்தால் எல்லாரும் காற்றுத் தூய்மைக் குறியீட்டைப் பார்ப்போம். அதில் 2018-இலிருந்து பி.எம்.2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளும் சேர்ந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அது எடையைக் கணக்கிடும் அளவு. டீசல் கரித்துகள் ஒன்றின் எடை ஒன்றுமே இல்லை, எண்ணிக்கைதான் பயங்கரம். ஆகவே குறியீடு பச்சையாக இருக்கும் நாளிலும், ஆலை வாசலில் இருபது லோரிகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் இடத்தில் நிற்பவர் சுவாசிப்பது வேறு காற்று.

சரி, வடிகட்டிக்கு வருவோம். கோர்டியரைட் அல்லது சிலிக்கன் கார்பைடு என்ற பீங்கான் வகையால் செய்த, நீளமான சின்னச் சின்னக் குழாய்கள் நெருக்கமாக அடுக்கிய ஒரு கட்டி அது. ஒரு குழாயின் முன்பக்கம் திறந்திருந்தால் பின்பக்கம் அடைத்திருக்கும். அதற்குப் பக்கத்துக் குழாயில் நேர்மாறாக இருக்கும். உள்ளே போன புகைக்கு வேறு வழி இல்லை, சுவரைத் துளைத்துக்கொண்டுதான் அடுத்த குழாய்க்குப் போய் வெளியேற முடியும். அந்தச் சுவரில் இருக்கும் நுண்துளைகள் ஏறக்குறைய 10 முதல் 20 மைக்ரான் அகலம்.

இங்கேதான் பட்டறையில் சொன்ன பேச்சு பிறக்கிறது. துளை 10 மைக்ரான், துகளோ 0.1 மைக்ரான், அதாவது 100 நானோமீட்டர். துளை நூறு மடங்கு பெரிது, அப்புறம் எப்படிப் பிடிக்கும்? தேநீர் வடிகட்டி மாதிரி நினைத்தால் பிடிக்காதுதான். ஆனால் இந்த வடிகட்டி வேலை செய்வது அப்படி இல்லை. மிகச் சின்னத் துகள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை. சுற்றியிருக்கும் வாயு மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால் கண்டபடி அலைந்துகொண்டே போகும். சுவருக்குள் இருக்கும் வளைந்து நெளிந்த பாதையில் அலையும்போது ஏதாவது ஒரு பக்கத்தில் மோதும், மோதினால் ஒட்டிக்கொள்ளும். துகள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு அதிகம் அலையும், அவ்வளவு சுலபமாகச் சிக்கும். பெரிய துகள்கள் வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் போய் உரசும். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 200, 300 நானோமீட்டர் அளவில் இருப்பவைதான் பிடிக்கச் சற்றுக் கஷ்டமானவை. ஆகவே ‘சின்னது தப்பும்’ என்பது இயற்பியலுக்கே எதிரானது.

இன்னொன்றும் உண்டு. முதலில் பிடிபட்ட கரி, சுவரின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அதன்பிறகு வடிகட்டும் வேலையைப் பெரும்பாலும் அந்தப் படலமே செய்கிறது. புதிதாக மாட்டிய அல்லது சுத்தம் செய்து மாட்டிய வடிகட்டி, படலம் உருவாகும் வரை கொஞ்சம் துகளை விடும். பிறகு சரியாகிவிடும். கழுவிப் போட்ட மறுநாளே அளந்து பார்த்துவிட்டு இது வேலைக்காகாது என்று முடிவு கட்டக் கூடாது.

பிடித்த கரியை என்ன செய்வது? எரிக்க வேண்டும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். கரி வெறும் ஆக்சிஜனில் எரிய 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். லோரியின் புகைக்குழாயில் அந்தச் சூடு சாதாரணமாக வராது. அதனால் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். வடிகட்டிக்கு முன்னால் பிளாட்டினம் பூசிய ஒரு வினையூக்கி இருக்கும். அது புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். நைட்ரஜன் டை ஆக்சைடு 250 டிகிரிக்கு மேலேயே கரியை மெதுவாகத் தின்னத் தொடங்கிவிடும். பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடும் லோரியில் இது ஓட்டுநருக்கே தெரியாமல் நடந்துகொண்டிருக்கும். ஜான்சன் மாத்தி நிறுவனம் 1980-களின் கடைசியில் கண்டுபிடித்த முறை இது. இந்தத் துறையில் நடந்த ஆக அழகான வேலை இதுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் ஒரு கழிவை வைத்தே இன்னொரு கழிவை எரிக்கிறார்கள். அந்தச் சூடு கிடைக்காத வண்டிக்கு இரண்டாவது வழி. எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீச்சி, அதை வினையூக்கியில் எரியவைத்து, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி வரை ஏற்றும். ஓடும்போதே தானாக நடக்கும். முடியாவிட்டால் விளக்கு மின்னி, வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தச் சொல்லும். இசுசுவில் டி.பி.டி. என்றும் ஹினோவில் டி.பி.ஆர். என்றும் எழுதியிருப்பது இந்தச் சாதனத்தைத்தான்.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருக்கும் கதையா என்றால், இல்லை. 1999-இல் தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ, டீசல் கரி நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் போத்தலைச் செய்தியாளர்கள் முன்னால் குலுக்கிக் காட்டினார். 2003 அக்டோபரில் தோக்கியோவும் சுற்றியுள்ள சைத்தாமா, சிபா, கனகாவா மாநிலங்களும், துகள் அளவைத் தாண்டும் பழைய டீசல் லோரிகளும் பேருந்துகளும் அங்கீகரிக்கப்பட்ட வடிகட்டி போன்ற சாதனம் மாட்டாமல் உள்ளே ஓடக்கூடாது என்று தடை போட்டன. உங்கள் லோரியில் இந்த வடிகட்டி இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஜப்பான் 2005-இல் துகளுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 0.027 கிராம் என்றும், 2009-இல் தொடங்கி 0.01 கிராம் என்றும் வரம்பைக் கீழே கொண்டுவந்தது. அமெரிக்கா 2007-இல் தன் கனரக எஞ்சின் வரம்பை ஒரே வீச்சில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஐரோப்பா யூரோ 6 என்ற தன் புகை விதியில் எடையோடு நிற்காமல் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. யூரோ 5 வரை எஞ்சினைச் சரிசெய்தே பல நிறுவனங்கள் வடிகட்டி இல்லாமல் சமாளித்தன. எண்ணிக்கை வரம்பு வந்த பிறகு கனரக டீசலில் வடிகட்டியைத் தவிர்க்கவே முடியவில்லை.

சாலையில் அளந்த கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது கலிபோர்னியாவின் ஓக்லண்ட் துறைமுகத்துக் கணக்கு. அங்கே கொள்கலன் இழுக்கும் லோரிகளுக்கு வடிகட்டியைக் கட்டாயமாக்கினார்கள். 2009-இல் நூற்றுக்கு இரண்டு லோரியில் இருந்த வடிகட்டி 2013-இல் 99 லோரியில் வந்துவிட்டது. ஆய்வாளர்கள் சாலைக்கு மேலிருந்து, கீழே போகும் லோரிகளின் புகையை ஒவ்வொன்றாக உறிஞ்சி அளந்தார்கள். கருங்கரி ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருந்தது. மிச்சம் இருந்த கரியில் பெரும்பகுதியோ சில லோரிகளிலிருந்து மட்டும் வந்தது. அதாவது கெட்டுப்போன சில வண்டிகள் மற்ற எல்லா வண்டிகளின் நன்மையையும் தின்றுகொண்டிருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். உடல்நலப் பக்கத்தில், அமெரிக்காவில் 2007-க்குப் பிந்தைய வடிகட்டி வைத்த எஞ்சினின் புகையை எலிகளுக்கு வாழ்நாள் முழுவதும் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. நுரையீரல் புற்றுக்கட்டி அவற்றுக்கு வரவில்லை. பழைய எஞ்சின் புகையை வைத்து முன்பு செய்த எலி ஆய்வுகளில் வந்திருந்தது.

வடிகட்டி செய்யாததையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நியாயம். நைட்ரஜன் ஆக்சைடுகளை அது குறைப்பதில்லை. அதற்கு யூரியாக் கரைசல் தெளிக்கும் எஸ்.சி.ஆர். என்ற வேறு சாதனம் வேண்டும். அது மட்டுமல்ல, கரியை எரிப்பதற்காக முன்னால் இருக்கும் வினையூக்கி நைட்ரஜன் டை ஆக்சைடைக் கூட்டுகிறது. வெறும் டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருப்பது, வினையூக்கிக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு, பாதி என்றுகூட ஆகலாம். அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு, ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடாது. 2000-களின் தொடக்கத்தில் லண்டன் பேருந்துகளில் இந்த வகை வடிகட்டிகளை மாட்டியபோது, சாலையோர நைட்ரஜன் டை ஆக்சைடு எதிர்பார்த்தபடி இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று கண்டார்கள். கலிபோர்னியா 2009-இலிருந்து, பின்னால் மாட்டும் வடிகட்டிகள் அதை எவ்வளவு கூட்டலாம் என்பதற்கே வரம்பு வைத்தது. வடிகட்டிக்குப் பின்னால் எஸ்.சி.ஆர். வைத்த புதிய லோரிகளில் இந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது. சொல்லப்போனால் பாதிக்குப் பாதி நைட்ரஜன் டை ஆக்சைடு இருந்தால்தான் எஸ்.சி.ஆர். வேகமாக வேலை செய்யும். உங்கள் லோரியில் எஸ்.சி.ஆர். இல்லை என்றால், மூடிய பட்டறைக்குள் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். எந்த டீசலுக்கும் இது பொருந்தும்.

எரிபொருள் செலவும் கொஞ்சம் கூடும். புகை வெளியேற எதிர்ப்பு இருப்பதாலும், எரிப்பதற்குத் தனியாக டீசல் போவதாலும், பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை. நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்று கூடியிருந்தால் அது வடிகட்டியின் இயல்பான செலவு இல்லை. திரும்பத் திரும்ப ரீஜெனரேஷன் நடக்கிறது, ஏன் என்று பார்க்க வேண்டும்.

இனி நம் ஊர். செம்பனை லோரியின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் தோட்டத்துக்குள் நுழைந்து, மண் சாலையில் முதல் கியர், இரண்டாம் கியரில் ஊர்ந்து, குலை ஏற்றும் வரை எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. கிரேன் வைத்த வண்டி என்றால் எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். பிறகு சில கிலோமீட்டரில் ஆலை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும். அதனால் மகசூல் கூடும் மாதங்களில் எல்லா லோரியும் ஒரே நேரத்தில் வந்து எடைப்பாலத்துக்கு வரிசை பிடிக்கும். மணிக்கணக்கில் நிற்கும்போது குளிர்சாதனத்துக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா ஓடும் எஞ்சினின் புகைச் சூடு 100 முதல் 200 டிகிரிதான். கரியைத் தின்ன 250 வேண்டும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? மலைப்பக்கத் தோட்டம் என்றால் பாரத்தோடு ஏறும்போதாவது சூடேறும். பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் நம் நிலம் தட்டை. ஏற வேண்டிய மேடே கிடையாது. ஆகவே கரி சேர்ந்துகொண்டே போகிறது, எரிவதில்லை. ஜப்பானில் நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லாமல் ஓடிய அதே லோரி, இங்கே வந்ததும் விளக்கை மின்னுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

அப்புறம், பொத்தானை அழுத்தினால் 15 முதல் 30 நிமிடம் வரை நிற்க வேண்டும். டிரைவருக்கு அவசரம், வரிசை நகர்கிறது, பாதியில் நிறுத்திவிடுகிறார். இப்படிப் பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும், தாமதமாகப் பீச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போகும். அளவுக்கம்பியில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தேயும்.

இதில் செம்பனைக்கும் பங்கு உண்டு. நாம் ஊற்றும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது, பி7, பி10 என்று. அதில் எடைக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருப்பதால் கரி குறைவாக உருவாகும், உருவான கரியும் சற்றுக் குறைந்த சூட்டில் எரியும். வடிகட்டிக்கு நல்ல செய்தி இது. ஆனால் ஆயிலில் கலந்துவிட்டால் சாதாரண டீசல்போல ஆவியாகிப் போகாது, தங்கிவிடும். பயோடீசல் கலப்பு கூடக்கூட ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கந்தகம் பற்றி இப்போது அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முன்பு நம் நாட்டில் விற்ற யூரோ 2எம் டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம். அந்த டீசலை வடிகட்டி வண்டிக்கு ஊற்றினால், வினையூக்கி கந்தகத்தைச் சல்பேட்டாக மாற்றி, ஒரு பக்கம் கரியைப் பிடித்துக்கொண்டே இன்னொரு பக்கம் புது நுண்துகளை உற்பத்தி செய்யும். ‘வடிகட்டி போட்டால் நுண்துகள் கூடும்’ என்ற பேச்சில் உண்மை இருந்த காலம் அது. 2021 ஏப்ரல் 1-இலிருந்து நாடு முழுவதும் யூரோ 5 டீசல்தான், கந்தகம் 10 பங்குக்குள். இப்போதும் ரீஜெனரேஷன் நடக்கும் சில நிமிடங்களில் துகள் எண்ணிக்கை மேலே போகும். முழு ஓட்டத்தையும் கூட்டிக் கணக்குப் பார்த்தால் வடிகட்டி இல்லாத வண்டிக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத, டிரம்மில் மலிவாகக் கிடைக்கும் டீசலை இந்த லோரிக்கு ஊற்றாதீர்கள்.

ஆயில்தான் நம் ஊரில் அதிகம் பேர் கவனிக்காத இடம். கரி எரிந்து போகும், சாம்பல் போகாது. ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பல் வடிகட்டியின் கடைசிவரை போய் நிரம்பிக்கொண்டே இருக்கும். ஆயில் போத்தலில் ஜாசோ டி.எச்.2 அல்லது ஏ.பி.ஐ. சி.ஜே.4, சி.கே.4 என்று இருக்கிறதா பாருங்கள். ஜப்பானிய லோரிகளுக்கு டி.எச்.2 என்பது வடிகட்டி உள்ள எஞ்சினுக்கென்றே வைத்த தரம், சாம்பல் ஏறக்குறைய 1 விழுக்காட்டோடு நிற்கும். மலிவு என்று பழைய தர ஆயில் ஊற்றினால் வடிகட்டியின் ஆயுளை நீங்களே குறைக்கிறீர்கள். நல்ல ஆயிலோடு ஓடினால் சாம்பல் எடுக்கும் வேலை லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் வரும். அமெரிக்காவில் பெரிய லோரிகளுக்கு, 150,000 மைலுக்கு, அதாவது சுமார் 240,000 கிலோமீட்டருக்கு முன்னால் அந்த வேலையே வரக்கூடாது என்பது விதி. உங்கள் லோரி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சாம்பல் ஒருமுறையாவது எடுத்தார்களா என்று விற்றவரிடம் கேட்டீர்களா? எடுத்ததே இல்லை என்றால், எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் விளக்கு திரும்ப வரும்.

சாம்பல் எடுப்பது என்றால் வண்டி கழுவும் இடத்தில் தண்ணீரைப் பீச்சி அடிப்பது இல்லை. அப்படி அடித்தால் உள்ளே பூசிய வினையூக்கி பெயரும், சாம்பல் சேறாகி இறுகும். கழற்றி, எடை போட்டு, உலையில் வைத்து மிச்சக் கரியை எரித்து, பின்பக்கமிருந்து காற்றை ஊதிச் சாம்பலை எடுத்து, மறுபடி எடை போட வேண்டும். அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது, உறிஞ்சும் இயந்திரத்தோடு செய்யும் இடத்தில் கொடுங்கள்.

இப்போது உடைத்து எடுக்கும் விஷயம். 100 துகளில் 99-ஐப் பிடிக்கும் வடிகட்டியை ஒரு லோரியில் எடுத்துவிட்டால், அந்த ஒரு லோரி மட்டும் வடிகட்டி வைத்த 100 லோரி விடும் கரியை விடும். ஓக்லண்டில் கண்டது இந்தக் கணக்கைத்தான். உங்கள் எஞ்சின் வடிகட்டி பின்னால் இருக்கிறது என்ற தைரியத்தில் வடிவமைத்தது என்பது இன்னும் மோசம். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகையின் ஒரு பகுதியை மறுபடி சிலிண்டருக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். அதில் இருக்கிறது, அது கரியைக் கூட்டும். கூடிய கரியை வடிகட்டி பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. வடிகட்டியை மட்டும் எடுத்துவிட்டால் அந்தக் கரி அப்படியே வெளியே வருகிறது. யார் மேல் விழுகிறது? வரிசையில் முன்னும் பின்னும் நிற்கும் டிரைவர்கள், எடைப்பாலத்துக் கிராணி, குலை இறக்குமிடத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளர்கள், ஆலைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் குழந்தைகள். நம் ஆட்கள்தான். இவர்களில் எவருக்கும் இந்தப் புகையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை கிடையாது. வண்டி உரிமையாளருக்குத்தான் உண்டு.

புஸ்பாகோமில் பிடிபடுமா என்று கேட்டிருந்தீர்கள். நம் நாட்டின் வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் புகை அலகு. அது கண்ணுக்குத் தெரியும் கருமையை அளக்கும் பழைய முறை. வடிகட்டி இல்லாத, ஓரளவு நல்ல எஞ்சின்கூட அதில் தேறிவிடும். ஐரோப்பாவிலும் இதே பிரச்சினை இருந்தது. கழற்றியதைக் கருமை மானி காட்டிக்கொடுக்கவில்லை என்று கண்டுகொண்டு பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகள் 2022, 2023-இல் வண்டிச் சோதனையில் துகளை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. ஜெர்மனியின் வரம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 250,000 துகள். இங்கே தேறுவது வேறு, சுத்தமாக இருப்பது வேறு என்பதற்காகச் சொல்கிறேன். நம் நாட்டிலும் அந்தக் கருவி வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சரி, உங்கள் லோரிக்கு இந்த வாரமே செய்ய வேண்டியது என்ன? புகைக்குழாயின் உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. வடிகட்டி முழுசாக இருந்தால் விரலில் கரி ஒட்டாது, லேசான சாம்பல் நிறம் இருக்கலாம். கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, அல்லது முந்தைய உரிமையாளர் ஏற்கனவே உடைத்துவிட்டார். உடைந்ததைச் சுத்தம் செய்து பலன் இல்லை. அடுத்து, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சருக்குப் போகும் சின்னக் குழாய்களைப் பாருங்கள். தோட்டத்துச் சேறும் அதிர்வும் அவற்றை வெடிக்கவைக்கும், அடைக்கவும் வைக்கும். சென்சர் பொய் சொன்னால் கம்ப்யூட்டர் தேவையில்லாமல் ரீஜெனரேஷன் கேட்கும். மலிவான சாமான், அதனால்தான் முதலில் அதைப் பார்க்கச் சொல்கிறேன். பிறகு டர்போ ஆயில் விடுகிறதா, இன்ஜெக்டர் சொட்டுகிறதா, இ.ஜி.ஆர். வால்வு சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டி இல்லாத வண்டியில் இந்தக் கோளாறுகள் கறுப்பு, நீலப் புகையாகத் தெரிந்துவிடும். வடிகட்டி உள்ள வண்டியில் புகை தெரியாது, விளக்குதான் தெரியும். இவற்றைச் சரி செய்யாமல் வடிகட்டியை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு மாதத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும். கரி அளவுக்கு மீறிச் சேர்ந்த நிலையில் ஒரே மூச்சில் எரிந்தால் உள்ளே 1,000 டிகிரியைத் தாண்டி, கட்டி விரிசல் விடும் அல்லது உருகும். அதனால் விளக்கு மின்னியும் பல நாள் ஓட்டியிருந்தால் நீங்களே பொத்தானை அழுத்த வேண்டாம், கருவி வைத்துக் கரியின் அளவைப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

டிரைவரிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைக்கட்டும். வெயிலில் கேபினுக்குள் உட்காருவது கொடுமை என்பது எனக்குத் தெரியும், அதனால் ஆலை நிர்வாகத்திடம் டிரைவர்களுக்கு ஒரு நிழல் கொட்டகை கேட்பது நியாயமான கோரிக்கை. லோரிக்காரர்கள் சேர்ந்து கேட்டால் கொடுப்பார்கள். இரண்டாவது, ரீஜெனரேஷன் தொடங்கினால் முடியும் வரை விடட்டும், காய்ந்த லாலான் புல்லுக்கும் காய்ந்த மட்டைக்கும் மேல் நிறுத்திக்கொண்டு செய்யக்கூடாது. குழாயும் அதிலிருந்து வரும் காற்றும் தீப்பிடிக்கவைக்கும் சூடு. ஆலைக்கு வெளியே சிமெண்டுத் தளத்தில் நிறுத்தட்டும். வாரத்தில் ஒருமுறையாவது பாரத்தோடு மேற்குக் கரை விரைவுச்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓடினால், பொத்தானை அழுத்தும் தேவையே பாதியாகக் குறையும்.

இரண்டாவது லோரி பற்றி. வாங்கும் வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கிள்ளான் பக்கம் நெடுந்தூரச் சரக்கு கிடைக்கும் என்றால், வடிகட்டியும் எஸ்.சி.ஆரும் இரண்டுமே உள்ள புதிய மாடலை வாங்குங்கள், அந்த ஓட்டத்தில் அது உங்களுக்குத் தொல்லையே தராது. அப்போது நீண்ட ஓட்டத்தை இரண்டு லோரிக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம், இப்போதுள்ள வண்டியின் கரியும் சாலையிலேயே எரிந்துவிடும். இரண்டுமே தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவில்தான் ஓடும் என்றால், வாங்கும் முன்னால் அந்த வடிகட்டியின் எடை, சாம்பல் எடுத்த பதிவு, ரீஜெனரேஷன் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்திருக்கிறது என்ற கம்ப்யூட்டர் பதிவு, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். நெடுஞ்சாலை லோரியில் பல நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வர வேண்டியது ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கே வந்திருந்தால், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.